புதுப்பிப்பு: ஒரே 'எல்' (L) உடுப்பு, கடைக்குக் கடை வேற அளவு

"லேபலை நம்பாதேங்கோ, மார்பளவைப் பாருங்கோ" எண்டு முந்தி எழுதினதுக்கு ஒரு திருத்தம். மார்பளவு மட்டும் காணாது.

லேபலில இருக்கிற 40, சில கொம்பனிக்கு உடம்பின்ர அளவு, சிலதுக்கு உடுப்பின்ர அளவு. குழப்பம் அங்கதான் தொடங்குது. பஞ்சாபி ரொப்பை மேசையில பரப்பி, கமக்கட்டுக்கு ஒரு இஞ்சி கீழ, ஒரு பக்கத் தையல் மூட்டிலயிருந்து மற்றப் பக்க மூட்டு வரை அளவுங்கோ. 20 வந்தால் சுற்றளவு 40. இழுபடாத துணியெண்டால் அது 36, 37 மார்புக்குத்தான் சரி.

அடுத்தது தோள். அது கூடினாலோ குறைஞ்சாலோ கையைக் கழட்டித்தான் திருத்தவேணும், கூலியும் கூட. பக்கம் இறுக்கமெண்டால் சுகம்: உள்ளுக்குத் துணி இருந்தால் ரெண்டு பக்க மூட்டிலயும் முன்துண்டில அரை, பின்துண்டில அரை இஞ்சி விட்டாலே மொத்தம் 2 இஞ்சி கிடைக்கும். ஓவர்லொக் தையலோட (துணி ஓரம் பிரியாமல் போடுற தையல்) ஒட்ட வெட்டியிருந்தால் ஒண்டும் செய்யேலாது. வாங்க முதல் பிரட்டிப் பாருங்கோ.

ஏற்றுமதியில மிஞ்சி வாற உடுப்பில எந்த நாட்டு அளவு எண்டும் பாருங்கோ. பொம்பிளையளின்ர உடுப்பில பிரிட்டன் 12, அமெரிக்காவில ஏறக்குறைய 8. அமெரிக்கா 1958இல போட்ட அளவுத் தரத்தை 1983இல கைவிட்டிட்டுது. பிறகு கொம்பனிகள் வைச்சதுதான் அளவு.

ஒரே கட்டில ரெண்டு 'எல்' வித்தியாசப்படுறதும் உண்டு. துணியை அடுக்கடுக்கா வைச்சு வெட்டேக்க கத்தி சரிஞ்சால் மேல்துண்டும் கீழ்த்துண்டும் ஒண்டாயிராது.

பருத்தி 5 வீதம் சுருங்கினால் 44 இஞ்சி நீளத்தில 2 இஞ்சிக்கு மேல போயிடும். தைக்கக் குடுக்க முதல் துணியை நனைச்சுக் காயவிடுங்கோ.