நல்லதண்ணிப் பாதையில் சந்தித்த ஆச்சி

நான் இலங்கை மலையகத்து மஸ்கெலியாக்காரி. யாத்திரை சீசன் நேரத்தில், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரை, எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்றால் சிவனொளிபாத மலையின் விளக்கு வரிசை இரவில் தெரியும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் முதன்முதலாக ஏறியது போன சீசனில்தான்.

நானும் தம்பியும் இரவு ஒரு மணிக்கு மலையடிவாரத்து நல்லதண்ணியில் நடக்கத் தொடங்கினோம். இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையிலிருந்தும் பாதை உண்டு. அது இன்னும் நீளம். எங்கள் பாதை கிட்ட, ஆனால் படி, படி, படிதான். ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். உச்சி 2,243 மீற்றர். சீத கங்குல ஓடையில் முகம் கழுவியபோதே விரல் விறைத்துவிட்டது.

அதற்கு மேலே இந்திகட்டுபான. ஊசியில் வெள்ளை நூல் கோத்து அங்கே குத்திவிட்டு, நூலை விட்டுக்கொண்டே ஏறுவார்கள். புத்தர் தன் சீவர ஆடையைத் தைத்த இடம் என்பது நம்பிக்கை. எழுபது தாண்டிய ஒரு சிங்கள அம்மா குளிரில் நடுங்கிய கையால் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்களாம். நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். "கருணாவயி" என்றார், பாதையில் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்து அது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் 'ஆச்சி' என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே.

அப்புறம் நூல் பந்து என் கைக்கு வந்தது, அவர் கை என் தோளுக்கு வந்தது. கடைசி ஏற்றம் செங்குத்து, கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

உச்சியில் ஒரு மணி. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். நான் ஒரு முறை அடித்தேன். ஆச்சி பதினேழு முறை அடித்தார்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று: சூரியன் எழும்பியதும் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மூடுபனி மேல் விழுந்து கிடக்கும், கொஞ்ச நேரம்தான். நானும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆச்சிதான் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

ஆச்சியும் கூட வந்தவர்களும் இரத்தினபுரிப் பக்கம் இறங்கினார்கள், நாங்கள் நல்லதண்ணிக்கு. வரும் சீசனில் அந்தப் பாதையால் ஏறப்போகிறேன்.