ஆடி முளைக்கொட்டுக்கு வண்டிவீட்டோடு வரலாமா?

சேலத்துப் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 31 வருடம் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இருவர் படுக்கக் கட்டில், அதன் அடியில் 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீருக்குத் தனித் தொட்டி, ஒற்றை அடுப்பு, கூரையில் ஏ.சி., சிறிய ஜெனரேட்டர் எல்லாம் என் கையாலேயே பொருத்தியிருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் மாற்றத்தை ஏற்றியாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் அதை வண்டிவீடு என்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மகளைப் பார்க்க நானும் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். ஓஹையோ மாநிலத்தில் வாடகை மோட்டார் ஹோம் ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு பொருட்காட்சித் திடலில் சதுர நடனக்காரர்களின் கூடுகை நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல வண்டியிலேயே தங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய். பகலில் நிழலில் உட்கார்ந்து பேச்சு, சாயங்காலம் கூடத்தில் ஆட்டம். அறுபது, எழுபது வயதுப் பெண்கள் குடைபோல விரியும் பாவாடையோடு சுழன்றதை நான் மறக்கமாட்டேன்.

நான்கு இணை, எட்டுப் பேர், ஒரு சதுரம். மேடைக்கு முதுகு காட்டி நிற்கும் இணை ஒன்றாம் எண். அவர்களுக்கு வலப்பக்கம் இரண்டு, அப்படியே சுற்றி நான்கு. மேடையில் நிற்பவர் பாட்டின் ஊடே கட்டளை சொல்லிக்கொண்டே இருப்பார். அடுத்து என்ன வரும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. காதில் விழுந்த கணத்தில் கால் போக வேண்டும். ஜப்பானில் ஆடினாலும் ஜெர்மனியில் ஆடினாலும் கட்டளை ஆங்கிலத்தில்தானாம், அதனால் எந்த ஊர்க்காரரும் எந்த ஊர்ச் சதுரத்திலும் நிற்கலாம். புதியவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் எங்களையும் அழைத்து நிறுத்தினார்கள். இடப்பக்கத்துப் பெண்ணின் இடது கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். நான் வலது கையை நீட்டிவிட்டேன். எதிரே இருந்த முதியவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார், சதுரம் கலையவில்லை. புதியவர்களோடு நின்று இப்படி வழி காட்டுகிற பழைய ஆட்டக்காரர்களை அங்கே தேவதைகள் என்றுதான் அழைக்கிறார்கள்.

அன்று இரவு வண்டியில் படுத்துக்கொண்டு என் மனைவி கேட்டாள்: “நம் ஊர்க் கும்மியில் நம்மை இப்படிச் சேர்த்துக்கொள்வார்களா?” அவளுடைய அம்மாயி கும்மிப் பாட்டில் பேர் எடுத்தவர். சேலத்துக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு இவளுக்குக் கும்மி கொட்ட வாய்ப்பே அமையவில்லை.

ஆடியில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் முளைக்கொட்டு, அதாவது முளைப்பாரி வளர்த்துப் பெண்கள் கும்மி கொட்டும் திருவிழா, நடக்கும் என்று தெரியும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, பிறகு ராமேஸ்வரம் போக எண்ணம். வெளியூர்க்காரர்களை வட்டத்தில் சேர்ப்பார்களா? இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது? தண்ணீர் எங்கே பிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபத்து ஓட்டுநர்

ஐயா, சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆடி அமாவாசையை ஒட்டி வராதீர்கள். தேவிபட்டினம் நவபாஷாணம், சேதுக்கரை, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் மூன்றுக்கும் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் உங்கள் வண்டியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது. பாம்பன் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் நிறுத்தக் கூடாது. ஆடிக் காற்று பக்கவாட்டில் அறையும், கூரையில் ஏ.சி. வைத்த உயரமான வண்டி ஆடும். 40க்கு மேல் போகாதீர்கள். தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது, பொழுது சாய்வதற்குள் போலீஸார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும். தார்ச் சாலையை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்க வேண்டாம்.

இன்னொன்று, கருவை முள். சீமைக்கருவேல மர நிழல் என்று ஒதுக்கி நிறுத்தினால் காலையில் இரண்டு டயர் உட்கார்ந்திருக்கும். பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும்.

ஊருணிக்கரை

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். எனக்குச் சாயல்குடிப் பக்கம், கடலுக்கு நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஊர். என் மாமியார் எங்கள் தெருக் கும்மிக்கு 26 வருடம் பாட்டு எடுத்துக் கொடுத்தவர். அவருக்குக் குரல் தளர்ந்த பிறகு ஆறு வருடமாக நான் எடுக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் அக்காவைத்தான் நினைத்தேன். அவர்களை அழைத்து வாருங்கள். அம்மாயி பாடிய பாட்டில் இரண்டு அடி நினைவில் இருந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் எடுத்துக் கொடுப்போம்.

ஆனால் கடைசி நாள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று வராதீர்கள். கடைசி நாளில் சவுண்டு செட்டு, சீரியல் லைட், சொந்தபந்தம் எல்லாம் வந்துவிடும். புது ஆளுக்கு அடி சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை முத்துப் போட்டு, அதாவது முளைச்சட்டியில் விதை தெளித்து, காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து ஏழு இரவு மைக் இல்லாமல் வெறும் குரலில் கும்மி நடக்கும். எட்டாம் நாள் முளைப்பாரி எடுத்து, மறுநாள் ஊருணியில் கரைப்போம். வட்டத்தில் சேர வேண்டியது அந்த முதல் ஏழு இரவுகளில்.

முளைக்கொட்டுத் திண்ணை தெரு நடுவில் இருக்கிறது, இடுப்பு உயரம். அதைச் சுற்றித்தான் வட்டம். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத் திரும்பி ஒரு கொட்டு, பிறகு ஓர் அடி முன்னே. அமெரிக்காவில் கட்டளை சொல்வார்கள் என்றீர்கள். எங்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. பாட்டு மாறினால் அடி மாறும். நான் இழுத்துப் பாடினால் நிதானம், சொல்லை வெட்டிப் போட்டால் வேகம். அதனால் என் குரல் வட்டத்தின் மறு ஓரம் வரைக்கும் கேட்டாக வேண்டும், இதுதான் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சுற்றுலா வண்டிக்காரர்கள் திண்ணைக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி, ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். பாட்டு பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. வட்டத்தின் ஒரு பக்கம் நிமிர்ந்து கொட்ட, மறு பக்கம் குனிந்து கொட்டியது. என் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

வண்டியை நிறுத்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெட்டவெளி இருக்கிறது, திண்ணையிலிருந்து 300 அடி. தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கும்மி முடிகிற வரைக்கும் ஜெனரேட்டர் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே குளிரும்.

தண்ணீர்தான் எங்கள் ஊரின் பெரிய கவலை. கிணறு எல்லாம் உவர். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற அன்று வரும், மற்ற நாளில் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் போக வேண்டும். உங்கள் 120 லிட்டர் எங்களுக்கு எட்டுக் குடம், ஒரு வீட்டின் ஒரு நாள். ஆகவே ராமநாதபுரத்திலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு வாருங்கள். கழிவுநீரை எங்கள் ஊரில் எந்த இடத்திலும் திறந்துவிடாதீர்கள். காய்ந்த பள்ளமாகத் தெரிவது ஊருணிக்கு வரத்துக்காலாக இருக்கும். அந்த ஊருணியில்தான் முளை கரைக்கிறோம், ஐப்பசி மழைக்குப் பிறகு குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

முளைவீட்டைப் பற்றியும் அக்காவுக்குச் சொல்ல ஆசை. சட்டியில் வைக்கோல் போட்டு, ஆட்டு எருவைப் பொடித்துத் தூவி, ஊறவைத்த மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு, நெல், சோளம் எல்லாம் தெளித்து, சூரிய வெளிச்சம் படாத அறையில் வைப்போம். மூன்றாம் நாள் உள்ளே போனால் ஈர எரு வாசம் முகத்தில் அடிக்கும். விளக்கைத் தூக்கிப் பிடித்தால் முளையெல்லாம் பச்சையாக இருக்காது, கோழிக்குஞ்சின் இறகு நிறத்தில் இருக்கும். மொச்சை மட்டும் விதையோட்டைத் தலையில் சுமந்துகொண்டு வளைந்து நிற்கும். எட்டாம் நாளைக்குள் ஒரு முழத்தைத் தாண்டிவிடும். யார் சட்டி உயரமாக வளர்ந்திருக்கிறதோ அந்த வீட்டுக்கு நல்ல வருடம் என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு.

காப்புக் கட்டிய பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. விருந்தாளிக்கு அந்தக் கட்டு இல்லை. பகலில் ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அக்கா முளைச்சட்டி எடுப்பதாக இருந்தால் அவர்களும் எங்களோடு எட்டு நாளும் கவிச்சி இல்லாமல் இருக்க வேண்டும்.

பரமக்குடி ஒயில்

ஊருணிக்கரை அக்கா சொன்னது எல்லாம் சரி. பயணி ஐயாவுக்கு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் கும்மி பெண்களுக்கு, ஆண்களுக்கு ஒயிலாட்டம். கையில் கைக்குட்டை, காலில் சலங்கை, வரிசையாக நிற்க வேண்டும். வாத்தியார் முன்னால் நின்று அடி போடுவார். ஒரு மாதம் முன்பே பயிற்சி தொடங்கிவிடும், இரவு எட்டரைக்கு மேல். பயிற்சிக்கு வராதவரை வரிசையில் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒருவர் அடி தவறினால் பின்னால் நிற்கிற பத்துப் பேரின் சலங்கையும் தவறும். ஐயா ஆட விரும்பினால் பதினைந்து நாளாவது முன்னால் வர வேண்டும். நிற்கிற இடம் வரிசையின் கடைசி.

சேலத்துப் பயணி

மூவருக்கும் நன்றி. தங்கையின் பதிலை மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மாமியார் சாப்பிடாமல் படுத்த இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனரேட்டரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன். கூரையில் சூரிய மின்தகடு ஒன்று பொருத்தினால் விளக்குக்கும் விசிறிக்கும் போதும். கழிவுத் தொட்டி நான்கு நாள் தாங்கும். நடுவில் ஒரு நாள் ராமநாதபுரம் போய் முறையாகக் காலி செய்துவிட்டுத் தண்ணீரும் பிடித்து வந்துவிடுவேன்.

ஒயில் தம்பி சொன்னதும் நியாயம். இந்த வருடம் நான் வரிசையில் நிற்கவில்லை. அடுத்த வருடம் ஆனியிலேயே வந்து பயிற்சியில் உட்காருகிறேன். ஏ.சி.யோடு வண்டியின் உயரம் 9 அடி 8 அங்குலம். உங்கள் தெருவில் நுழையுமா?

ஊருணிக்கரை

கோயில் தெருவில் நடுகிற விளக்கு வளைவுக் கழிகளை நேற்று சாவடியில் வெயிலில் எடுத்துப் போட்டிருந்தார்கள். சென்ற வருடம் குறுக்குக் கழி கட்டிய கயிற்றுத் தடம் மூங்கிலில் அப்படியே இருந்தது. என் மகனை விட்டு அளந்தேன்: புதைகிற ஓர் அடி போக, 9 அடி 6 அங்குலம். ஆகவே கோயில் தெரு வழியாக வர வேண்டாம். ஊருக்கு முந்திய பஸ் நிறுத்தத்திலேயே மேற்கே திரும்பி, கண்மாய்க்கரை வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். அந்த வழியில் கருவையை வெட்டிப் போன வாரம்தான் முள் பொறுக்கினோம்.

அக்காவுக்கு ஒரு சட்டி எடுத்து வைத்திருக்கிறேன். மொச்சையைத் திங்கட்கிழமை இரவு ஊறப்போட வேண்டும், அதை அவர்கள் கையாலேயே போடட்டும். இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள்.