பழைய வீடுகளின் வரைபட வேலைக்கு மேக்புக்கா, விண்டோஸ் லேப்டாப்பா? உதவி தேவை

காரைக்குடி வரைவாளர்:

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட்டுத் தருவது என் தொழில். பழுதுபார்த்துக் குடியிருக்க நினைப்பவர்களுக்கும் வரைகிறேன், விடுதியாக மாற்றுகிறவர்களுக்கும் வரைகிறேன். கையில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. வீட்டின் முன்பகுதியான முகப்பு, பட்டாலை, நடு முற்றமுள்ள வளவு வரை எப்படியோ ஓட்டிவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் இரண்டாம் கட்டையும் அடுப்படியையும் சேர்த்துத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. விண்டோஸ் 11 போடப் பார்த்தேன், இந்தக் கணினிக்குத் தகுதியில்லை என்று வருகிறது.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பொங்கலுக்கு வருகிறார். மேக்புக் ப்ரோ வாங்கி வருகிறேன், பல வருஷம் உழைக்கும் என்கிறார். எனக்கு வேலை தரும் மதுரைக் கட்டடக்கலை அலுவலகத்தில் எல்லாமே விண்டோஸ்தான். நான் ஓட்டுவது ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர். ஒன்றேகால் லட்சம் வரை போடலாம், இழுத்துப் பிடித்தால் ஒன்றரை. எதை வாங்கச் சொல்வது?

மதுரை கட்டடக்கலைஞர்:

நீங்கள் சொன்ன நான்கும் மேக்கிலும் ஓடும். அதனால் இந்தப் பட்டியலை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. மூன்று விஷயம் சொல்லுங்கள். அலுவலகம் ரெவிட்டுக்கு, அதாவது கட்டடத்தை 3டி மாதிரியாகவே வரையும் மென்பொருளுக்கு, மாறுகிறதா? கட்டடத்தை லேசரால் அளந்த ஸ்கேன் ஃபைல் உங்கள் கைக்கு வருமா? வீட்டுக்காரர்களுக்கு 3டி காட்சி காட்ட வேண்டியிருக்கிறதா?

காரைக்குடி வரைவாளர்:

மூன்றுக்கும் ஆமாம்தான் சார். அடுத்து வரும் வேலை தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு. ஒரு தெருவில் முகப்பு, பின்வாசல் அடுத்த தெருவில். அதை ரெவிட்டில்தான் கேட்கிறார்கள். ஸ்கேன் எடுத்து எனக்கு அனுப்புவார்களாம். வீட்டுக்குப் பங்காளிகள் நிறையப் பேர், பாதிப் பேர் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். எந்தச் சுவர் நிற்கும், எது போகும் என்று படத்தில் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதனால் ஸ்கெட்ச்அப்போடு, நிஜம்போல 3டி காட்சி தரும் என்ஸ்கேப் வைத்துக் காட்ட வேண்டும். தரையில் பதித்து உடைந்துபோன ஆத்தங்குடிக் கற்களின் பூவேலையைத் திரும்ப வரைந்து கொடுக்கும் வேலையும் உண்டு.

மதுரை கட்டடக்கலைஞர்:

அப்படியென்றால் விண்டோஸ்தான். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், அண்ணனிடம் காட்டுங்கள்.

ரெவிட் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. ஸ்கேன் ஃபைலை ரெவிட்டுக்குள் கொண்டுவர உதவும் ரீகேப்பும் அப்படித்தான். ஆட்டோகேட்டுக்கு மேக் பதிப்பு இருந்தாலும், கட்டடக்கலைக்கான தனி டூல்செட் அதில் கிடையாது. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வருவதற்கு முன்பு மேக்கில் இன்டெல் சிப் இருந்தது, பூட் கேம்ப் போட்டு விண்டோஸையே நேராக ஓட்டலாம். எம் வரிசை மேக்கில் அந்த வழி இல்லை. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போட்டால், ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ் 11 ஓடும், எம் வரிசையும் அந்த வகைதான். ஆனால் அதில் ரெவிட் ஓட்டுவதை, ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் ஆதரிப்பதில்லை. சின்ன ஃபைல் திறக்கலாம். இரண்டு கட்டு வீட்டின் ஸ்கேனை இணைத்துவிட்டு, நாளைக் காலை வரைபடம் போக வேண்டும் என்ற நிலையில் அது மக்கர் செய்தால் யாரிடமும் போய் முறையிட முடியாது. தொழிலை அதன் மேல் வைக்காதீர்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் என்று ஒட்டியிருந்தாலே போதாது. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட லேப்டாப்களும் ஆர்ம்தான். மெலிதாக இருக்கும், பேட்டரி நன்றாக நிற்கும், கடையில் ஆசை காட்டும். உங்களுக்கு வேண்டாம். இன்டெல் அல்லது ஏஎம்டி என்று பார்த்து வாங்குங்கள்.

அலுவலகத்தில் எந்த வருஷத்து ரெவிட் என்றும் இன்றே கேட்டுவிடுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ஃபைல் பழைய பதிப்பில் திறக்காது. நீங்கள் ஆசையாகப் புதியதைப் போட்டு ஒருமுறை சேமித்துவிட்டால், அந்த ஃபைலை அவர்களால் தொட முடியாது. லேப்டாப் மாடலை விட இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அவசரப்படுவேன்.

சென்னை மேக் பயனர்:

மேக்குக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். மேக்புக் ப்ரோ திரையின் வண்ணத்துக்கு இந்த விலை விண்டோஸ் லேப்டாப்களில் ஈடு கிடைப்பது அரிது. ப்ளக்கைப் பிடுங்கினாலும் வேகம் குறையாது, சத்தமும் குறைவுதான். ஸ்கெட்ச்அப்புக்கான என்ஸ்கேப்பும் மேக்கில் இருக்கிறது. ரெவிட் மட்டும் இல்லையென்றால் அண்ணன் சொன்னதையே வாங்கச் சொல்லியிருப்பேன். ரெவிட் கட்டாயம் என்றால் மதுரைக்காரர் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

கோட்டையூர் தம்பி:

அக்கா, லினக்ஸ் யோசித்தீர்களா? நான் பிளெண்டர், இங்க்ஸ்கேப், கிரிட்டா எல்லாம் அதில்தான் ஓட்டுகிறேன். ஆட்டோகேட், ரெவிட், ஃபோட்டோஷாப் லினக்ஸுக்கு வராது என்பது உண்மை. ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி ஃபைல் திறக்க பிரிக்ஸ்கேட் இருக்கிறது. அலுவலகத்தோடு ரெவிட் ஃபைல் பரிமாற வேண்டும் என்பதால் உங்கள் வேலை இயந்திரத்துக்கு இது சரிப்படாது. ஆனால் அந்த ஏழாம் தலைமுறை லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், உங்களுக்கு வந்த செய்தி அதனால்தான். அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டால், கோடுகளாக வரையும் இங்க்ஸ்கேப்புக்கு 8 ஜிபியே தாராளம்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு இங்க்ஸ்கேப்பில் ஓர் அருமையான வசதி இருக்கிறது, அவசியம் பாருங்கள். எடிட் மெனுவில் குளோன், அதற்குள் டைல்டு குளோன்ஸ். ஒரு கல்லை மட்டும் வரைந்தால் போதும், அதைத் தரை முழுக்கப் பரப்பிக் காட்டும். ஒரு வடிவம் தளம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதற்குக் கணிதத்தில் சொல்லும் 17 வகைச் சமச்சீர்களும் அதில் இருக்கின்றன. நான்கு கல் சேர்ந்து ஒரு பூவாகிற வகைக்கு, 90 டிகிரி சுழலும் பி4 எடுங்கள். மூலக் கல்லில் ஓர் இதழைத் திருத்தினால் தரை முழுக்கத் திருந்தும். பங்காளிகளிடம் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்! விண்டோஸிலும் இது இலவசம்தான்.

ஆத்தங்குடி கல் வேலை:

கல் விஷயம் வந்ததால் எழுதுகிறேன். கணினியில் எவ்வளவு மெல்லிய கோடும் போடலாம், எங்கள் அச்சில் முடியாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் கலர் சிமென்ட்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுகிறோம். அறை மிகக் குறுகலாக இருந்தால் கலர் உள்ளே சரியாக இறங்காது, பக்கத்துக் கலரோடு கலந்தும் போகும். அச்சுக்காரரிடம் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டுவிட்டு வரையுங்கள். அளவு மாறாமல் வெக்டராக, அதாவது கோடுகளாகவே சேமித்த ஃபைலாகக் கொடுங்கள், ஃபோட்டோவாக வேண்டாம். திரையில் பார்க்கிற சிவப்பை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். மாதிரிக் கல் ஒன்று போட்டு, காய்ந்த பிறகு பழைய கல்லின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காரைக்குடி வரைவாளர்:

ரொம்ப நன்றி அண்ணே, இது எனக்குப் பெரிய உதவி. தம்பி, பி4 போட்டுப் பார்த்தேன், பூ அப்படியே கூடி வருகிறது. அண்ணனிடமும் பேசிவிட்டேன், விண்டோஸ் என்று முடிவு. இனி மாடல் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலேயே வாங்கலாமா?

திருச்சி லேப்டாப் சர்வீஸ்:

வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் விண்டோஸ் லேப்டாப்களில் சில வரிசைக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் வாரன்டி. அந்த மாடலுக்கு இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம். மதர்போர்டு போனால் விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். என் யோசனை, திருச்சியிலோ மதுரையிலோ வாங்கி, வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரன்டியை மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். அண்ணன் பணமாகத் தரட்டும்.

ராம் 32 ஜிபி. ஸ்கேன் ஃபைல் வைத்து வேலை செய்பவருக்கு 16 போதாது. ராம் மதர்போர்டிலேயே பற்றவைத்த மாடல் வேண்டாம், இரண்டு ஸ்லாட் இருப்பதாகப் பாருங்கள். பணம் இடித்தால் 16-ல் வாங்கிப் பிறகு ஏற்றலாம். எஸ்எஸ்டி 1 டிபி, இன்னொன்று போட இடம் இருந்தால் நல்லது. ரெவிட்டின் பெரும்பாலான வேலை ஒரே கோரில்தான் நடக்கிறது, அதனால் கோர் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம் முக்கியம். கிராஃபிக்ஸ் கார்டு என்ஸ்கேப்புக்காக. ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060, இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். 4050-இல் 6 ஜிபிதான், பெரிய வீட்டுக்கு இடிக்கும். ஒரே 4060 ஒரு மாடலில் 60 வாட்டில் ஓடும், இன்னொன்றில் 115 வாட்டில் இன்னும் வேகமாக ஓடும். பெட்டியில் இது இருக்காது, நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் பாருங்கள். திரை காட்டும் வண்ணங்களின் அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி என்றிருந்தால் தள்ளிவிடுங்கள், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கேளுங்கள்.

இப்போது நம்ம ஊர் விஷயம். இந்த லேப்டாப்கள் கரண்ட் இல்லாவிட்டால் பாதி வேகம்கூடக் காட்டாது. வேலை நடக்கும் பழைய வீட்டில் கனெக்‌ஷனே துண்டித்திருப்பார்கள். கரண்ட் இருந்தாலும் எர்த் சரியாக இருக்காது. லேப்டாப் உடம்பில் கை வைத்தால் சுருசுருவென்று வரும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு சுரண்டுகிற இடத்துக்கு அதை எடுத்துப்போகவே வேண்டாம். அந்தத் தூசு ஃபேனுக்குள் போய்ப் படிந்தால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் லேப்டாப் கொதிக்கும், கொதித்தால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அளவு எடுக்கப் பழைய லேப்டாப் போகட்டும், இது வீட்டில் இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டர் லைன் கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிரைவ் தானாகப் பூட்டப்படுவது உண்டு. பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீயை முதல் நாளே பிரின்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். அது இல்லாமல் மதர்போர்டு மாற்றினால் வரைபடங்கள் போனதுதான்.

காரைக்குடி வரைவாளர்:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ரெவிட் எந்த வருஷம் என்று கேட்டாயிற்று, அதே பதிப்பைத்தான் போடப்போகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். கொத்தனார்களுக்குப் புரிய வேண்டும் என்று வரைபடத்தில் தமிழிலேயே குறிப்பு எழுதுகிறேன். பழைய ஃபைல்களில் இருப்பது யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு. புதிதாக யூனிகோடில் அடித்தால் சில ஃபைலில் வெறும் கேள்விக்குறியாக வருகிறது. புது லேப்டாப்பில் இது சரியாகுமா?

மதுரை கட்டடக்கலைஞர்:

லேப்டாப் மாற்றினால் சரியாகாது. கேள்விக்குறி வரும் ஃபைலில் டெக்ஸ்ட் ஸ்டைல் ஆட்டோகேட்டுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் இருக்கும், அதில் தமிழ் எழுத்தே கிடையாது. ஸ்டைலைத் திறந்து ட்ரூடைப் எழுத்துருவுக்கு மாற்றுங்கள், நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். நோட்டோ என்றால் அலுவலகத்திலும் அதையே போடச் சொல்லுங்கள், இலவசம்தான். பாமினியில் அடித்ததை எழுத்துரு மாற்றினால் மட்டும் போதாது, ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்து வரும். அந்த வரிகளை நகலெடுத்து யூனிகோட் மாற்றியில் போட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும். பிடிஎஃப் எடுத்ததும் கொம்புள்ள எழுத்துகளை மட்டும் ஒருமுறை பாருங்கள், ‘கொ’, ‘மே’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறாமல் இருந்தால் கொத்தனாரிடம் கொடுத்துவிடலாம்.