துருக்கியின் அரபுக் கொள்கை: முன்னே செல்வது வணிகமா, அரசியலா?

கடலோடி:
அரபு நாடுகளோடு துருக்கி உறவாடுவதையும் பகைத்துக்கொள்வதையும் தீர்மானிப்பவை உஸ்மானியப் பேரரசின் பழம்பெருமையும் முஸ்லிம் சகோதரத்துவம் என்ற இஸ்லாமிய அரசியல் இயக்கத்தின் மீதான பற்றுமே என்று நண்பர் இளம்பரிதி எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2018 அக்டோபர் 2 அன்று, திருமணத்துக்கு வேண்டிய ஆவணத்தைப் பெற சவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் சென்றார். அவரை மணக்கவிருந்த ஹதீஜே ஜெங்கிஸ் வாசலில் காத்திருந்தார். உள்ளே போனவர் திரும்பவில்லை; அங்கேயே கொல்லப்பட்டார். கொலைக்கான உத்தரவு சவூதி அரசின் மிக உயர்ந்த மட்டத்திலிருந்து வந்தது என்று துருக்கி அதிபர் எர்டோகனே எழுதினார். அவருடைய ஆட்சியிலேயே, 2022 ஏப்ரல் 7 அன்று, 26 சவூதியர் மீதான அந்த வழக்கை இஸ்தான்புல் நீதிமன்றம் சவூதிக்கே அனுப்பிவைத்தது. அம்மாதம் முடிவதற்குள் எர்டோகன் ஜித்தாவில் சவூதி பட்டத்து இளவரசரைத் தழுவிக்கொண்டார்.

இடையில் நடந்ததைப் பாருங்கள். 2020 அக்டோபரில் சவூதி வணிகச் சபைகளின் தலைவர் துருக்கிப் பொருள்களைப் புறக்கணிக்கச் சொன்னார். பேரங்காடிகள் துருக்கிச் சரக்கு வாங்குவதை நிறுத்தின. அந்த ஆண்டு ஏறத்தாழ 250 கோடி டாலராக இருந்த, சவூதிக்கான துருக்கியின் ஏற்றுமதி, 2021இல் 30 கோடிக்கும் கீழே சரிந்தது. அதே 2021இல் துருக்கி நாணயமான லிரா தன் மதிப்பில் 44 விழுக்காட்டை இழந்தது. ஒரு கொலை வழக்கைச் சந்தைக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்பதே என் வாதம். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

இளம்பரிதி:
உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சந்தையை முதலில் கெடுத்தது எது? வணிகமே ஆட்சி செய்திருந்தால், சிரியாவில் நடந்தது நடந்திருக்காது. துருக்கியும் சிரியாவும் செய்துகொண்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2009இல் விசாவும் நீக்கப்பட்டது. இவ்வளவு கட்டியெழுப்பிய பிறகு, 2011 நவம்பரில் எர்டோகன் சிரிய அதிபர் அசாத்தைப் பதவி விலகச் சொன்னார். ஜோர்தானுக்கும் வளைகுடாவுக்கும் போகும் லாரிகளின் தரைவழி அத்தோடு அடைபட்டது.

அந்த லாரிக்காரரின் பாட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2012 முதல் அவர் மத்தியதரைக் கடலோரத் துறைமுகத்தில் லாரியைக் கப்பலில் ஏற்றி, எகிப்தில் இறக்கி, செங்கடல் வரை ஓட்டிச் சென்று, மறுபடியும் கப்பலேற்றித்தான் சவூதியை அடைய வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைச் சேர்ந்த எகிப்து அதிபர் முர்சி கவிழ்க்கப்பட்டார்; அவரைக் கவிழ்த்த தளபதி சிசியின் ஆட்சியை எர்டோகன் ஏற்க மறுத்தார்; நவம்பரில் இரு நாடுகளும் தூதர்களை வெளியேற்றின; 2015இல் அந்தப் போக்குவரத்து உடன்பாட்டை எகிப்து புதுப்பிக்கவில்லை. இரண்டு வழிகளையும் அடைத்தது அரசியல் பற்றுதான். 2017 ஜூனில் சவூதியும் அமீரகமும் கத்தாரை முற்றுகையிட்டபோதும், இரண்டே நாளில் துருக்கி நாடாளுமன்றம் கத்தாருக்குப் படை அனுப்ப ஒப்புதல் தந்தது. கத்தாரைவிடப் பெரிய இரண்டு சந்தைகளின் பகையைத் தேடிக்கொண்ட முடிவு அது.

வெண்ணிலா:
எகிப்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூதர்கள் இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் 2007ஆம் ஆண்டின் தடையற்ற வணிக ஒப்பந்தத்தை இரு தரப்பும் ரத்து செய்யவில்லை. மேடையில் ஏசிக்கொண்டவர்கள் சுங்கச் சாவடியில் கைவைக்கவில்லை.

கடலோடி:
சிரியா பற்றி நண்பர் சொல்வதை மறுக்க என்னிடம் வாதமில்லை. கத்தார் வேறு. 2018 ஆகஸ்டில் லிரா சரிந்தபோது 1,500 கோடி டாலர் முதலீடு செய்வதாக வாக்களித்தது கத்தார்தான். 2021 நவம்பரில், அதுவரை பகைவராக நடத்தப்பட்ட அபுதாபி பட்டத்து இளவரசர் துருக்கித் தலைநகர் அங்காராவுக்கு வந்தபோது, 1,000 கோடி டாலர் முதலீட்டு நிதி அறிவிக்கப்பட்டது. 2023 மே மாதத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, துருக்கி மத்திய வங்கியில் 500 கோடி டாலரை வைப்பாக இடச் சவூதி உடன்பட்டது. சமரசங்கள் எல்லாமே அரசின் கையில் டாலர் வற்றிய காலத்தில் வந்தவை.

இளம்பரிதி:
சமரசம் எப்போது வரும் என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். பகை எப்போது தொடங்கும் என்பதைப் பணம் தீர்மானிக்கவில்லை. 2024 மே மாதத்தில் காஸாவுக்காக இஸ்ரேலுடனான முழு வணிகத்தையும் துருக்கி நிறுத்தியது. முந்தைய ஆண்டில் அதன் மதிப்பு ஏறத்தாழ 700 கோடி டாலர். மார்ச் இறுதியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்று ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது நடந்தது என்பதால், வாக்காளரின் குரலையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். கஷோகி வழக்கில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்: அங்கே வணிகம்தான் முன்னே சென்றது.