இரண்டு ஸ்டாக்குக்கு நடுவே இரண்டு ஃபைபர், இரண்டுமே பிளாக்கிங்!

இரவுப்பணி: வணக்கம். நான்கு நெட்வொர்க் சுவிட்சுகளை இரண்டிரண்டாக ஸ்டாக் செய்திருக்கிறேன், அதாவது இரண்டு பெட்டி சேர்ந்து ஒரே சுவிட்சாக இயங்கும். இரு ஸ்டாக்குக்கும் நடுவே இரண்டு 10 கிக் (நொடிக்கு 10 கிகாபிட்) ஃபைபர். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்றுதான் போட்டேன். ஆனால் ஸ்டாக் இரண்டில் இரண்டு போர்ட்டுமே பிளாக்கிங், டேட்டாவை விடாமல் அடைத்து நிற்கின்றன. பேக்கப் வேகம் 1 கிக்கைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. பொறுமை போய், அந்த இரண்டு போர்ட்டிலும் ஸ்பானிங் ட்ரீயை (டேட்டா வட்டமடித்துச் சுற்றாமல் உபரி லிங்கை அடைக்கும் ஏற்பாடு) அணைத்துப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்தன. சுவிட்சுக்குள் லாகின்கூட ஆக முடியவில்லை. கேபிளைப் பிடுங்கித்தான் தப்பித்தேன். இனி என்ன செய்ய?

பழம்பெட்டி: முதலில் ஸ்பானிங் ட்ரீயைத் திரும்பப் போடுங்கள். ஒன்று பிளாக் ஆவது இயல்பு. இரண்டும் என்றால் ரூட், அதாவது ஸ்பானிங் ட்ரீ மையமாக வைத்து வழிகளைக் கணக்கிடும் சுவிட்ச், வேறெங்கோ இருக்கிறது. ரூட் பிரிட்ஜ் யார்?

இரவுப்பணி: பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. மூலையில் கிடக்கும் பழைய ஆக்சஸ் சுவிட்ச்! அதிலிருந்து ஸ்டாக்குக்கு ஒன்றாக 1 கிக் அப்லிங்க் போகிறது. எல்லாவற்றிலும் ப்ரையாரிட்டி எண் (குறைந்தது ரூட் ஆகும்) 32768.

பழம்பெட்டி: அதேதான். ப்ரையாரிட்டி சமமானால் சின்ன மேக் முகவரி (சுவிட்சின் வன்பொருள் எண்) ஜெயிக்கும். பெரும்பாலும் அது கிழட்டுப் பெட்டியாகத்தான் இருக்கும். ஸ்டாக் இரண்டிலிருந்து ரூட்டுக்கு நேர்வழி காஸ்ட் (வேகம் குறைந்த லிங்குக்கு அதிகமாகப் போடும் வழிக்கணக்கு) 20000. ஃபைபரில் ஏறி ஸ்டாக் ஒன்று வழியாகச் சுற்றினால் 2000 + 20000, அதாவது 22000. குறைந்ததைத்தானே எடுக்கும்? உங்கள் பேக்கப் முழுக்க அந்தக் கிழவர் தலையில்தான் ஓடுகிறது. ஸ்டாக் ஒன்றுக்கு 4096, இரண்டுக்கு 8192 கொடுங்கள்.

நீலக்கம்பி: அதற்கப்புறமும் ஒரு ஃபைபர் சும்மாதான் கிடக்கும். இரண்டும் ஓட வேண்டுமென்றால் எல்.ஏ.சி.பி. (பல லிங்குகளை ஒன்றாக்க இரு முனையும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) போட்டுச் சேர்த்துவிடுங்கள், ஸ்டாக்கின் மெம்பர் சுவிட்சுக்கு ஒரு போர்ட்டாக எடுத்து. ஸ்பானிங் ட்ரீ அதை ஒரே லிங்காகப் பார்க்கும். ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு, இரு முனையிலும் எல்.ஏ.சி.பி.யை ஆக்டிவ் வைத்து, அப்புறம் செருகுங்கள். ஒரு முனையில் எதிர்முனையோடு பேசாமலே கட்டாயமாகச் சேர்க்கும் 'ஆன்' வைத்து, மறுமுனை தனித்தனிப் போர்ட்டாக இருந்தால் மறுபடியும் விளக்கு ஆட்டம்தான். இன்னொன்று, ஒரே ஒரு பேக்கப் ஓட்டம் 20 கிக் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது ஏதாவது ஒரு கம்பியில்தான் போகும்.

இரவுப்பணி: போட்டாயிற்று. ஒரு ஃபைபரை உருவினேன், ஒரே ஒரு பிங்தான் (சோதனைச் செய்தி) தவறியது. ஆனால் ஸ்டாக் ஒன்றை நடத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைத்துப் பார்த்தபோது மொத்த லிங்கும் விழுந்து எழுந்தது. இரண்டாவது மெம்பரின் ஃபைபர் ஏன் விழ வேண்டும்?

நீலக்கம்பி: மாஸ்டர் மாறியதும் ஸ்டாக்கின் மேக்கும் மாறியிருக்கும். ரூட்டின் அடையாளமும் எல்.ஏ.சி.பி. அடையாளமும் அதிலிருந்துதான் வருகின்றன, எல்லாம் புதிதாகப் பேசித் தீர வேண்டியிருக்கும். ஸ்டாக் மேக்கை நிரந்தரமாக வைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் போடுங்கள். போட்டபின் பழைய மாஸ்டரைக் கழற்றி இதே நெட்வொர்க்கில் வேறிடத்தில் மாட்டாதீர்கள், ஒரே மேக் இரண்டு இடத்தில் தலைகாட்டும்.

இரவுப்பணி: ஃபேன் சத்தம் போடுகிறதென்று அதைக் கழற்றி அடுத்த ரேக்கில் மாட்டத்தான் எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை.