அம்மம்மாவை நடக்க வைத்த 'கொலை வாள்'

வெள்ளவத்தை வாசகி:

சரித்திர நாவல் வாசித்து மனம் தேறிய கதை இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது இடுப்பெலும்பு தேறிய கதை. பரவாயில்லைதானே?

போன வருடம் அம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது 81. ஒபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் வோக்கரைப் பிடித்து நடக்கச் சொன்னால் "நாளைக்குப் பாப்பம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பிசியோதெரபி செய்ய வந்த பிள்ளை கெஞ்சிப் பார்த்தாள். மாமா கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் ஏசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை, அம்மம்மாவும் நடக்கவில்லை.

அலுமாரியின் அடித்தட்டில் ஒற்றைப் புத்தகம் ஒன்று கிடந்தது. பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம், 'கொலை வாள்'. 1950களில் கல்கி இதழில் தொடராக வந்தபோது அம்மம்மாவின் ஐயா கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணியது. மற்ற நாலு பாகமும் 83 ஜூலைக் கலவரத்தில் பம்பலப்பிட்டி வீட்டோடு எரிந்துபோயின. இது மட்டும் பக்கத்து ஒழுங்கை டீச்சரிடம் இரவல் போயிருந்ததால் தப்பியது. எங்கள் ஆட்கள் இரத்மலானை முகாமுக்குப் போய், கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், வருடக்கணக்கு கழித்துத் திரும்பி வந்தபோது, பிரவுண் பேப்பர் உறை போட்டு வைத்திருந்து கொடுத்தாராம் அந்த டீச்சர். (இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள்!)

ஒரு பின்னேரம் சும்மா எடுத்துச் சத்தமாக வாசித்தேன். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கும் அருள்மொழிவர்மனை, அதாவது பின்னாளைய ராஜராஜ சோழனை, பூங்குழலியும் சேந்தன் அமுதனும் வாய்க்கால் வழியே படகில் நாகப்பட்டினத்துப் பௌத்த மடமான சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். படகு பாதி வழியில் போய்க்கொண்டிருக்க, புத்தகத்தை மூடினேன்.

"என்ன பிள்ளை, நிப்பாட்டிப்போட்டாய்?"

"கதவடி வரைக்கும் நடந்தால் மிச்சம் வாசிப்பன்."

"ராசராச சோழன் காய்ச்சலில சாகமாட்டான் எண்டு எனக்குத் தெரியாதே?" என்று முறைத்தார். முறைத்துக்கொண்டே எழும்பினார்.

அப்புறம் அதுவே ஒப்பந்தமாகிவிட்டது. கிழமைக்குக் கிழமை ஆட்களைக் காத்திருக்க வைக்க எழுதின கதை அல்லவா, ஒவ்வொரு அத்தியாயமும் சரியான இடத்தில் அறுந்து நிற்கும். கட்டிலில் இருந்து கதவு, கதவில் இருந்து ஹோல், மூன்றாம் கிழமை லிஃப்ட். வானதி மயங்கி விழும்போதெல்லாம் "இவளுக்கு ஆராவது ஒரு வோக்கர் குடுங்கோவன்" என்பார். கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலி என்றால் உயிர். கோடிக்கரைக்கு நேரெதிரே இருக்கிற வல்வெட்டித்துறையில் பிறந்தவர், பிறகென்ன! அக்கரைக்கு வள்ளத்தில் போய்வந்த தன் ஐயாவின் கதை அந்த இடத்தில்தான் முதல்முறையாக எங்களுக்குக் கிடைத்தது. எரிந்த வீட்டைப் பற்றியும் சொன்னார், ஒரே ஒரு பின்னேரம். அதை நான் இங்கே எழுதவில்லை.

மற்ற நாலு பாகமும் காலி வீதிக் கடையில் புதிதாக வாங்கி வந்தேன். நாலையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மணியம் கீறின படங்கள் எங்க?" என்றார்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

தங்கச்சி, உங்கள் சூடாமணி விகாரம் எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது, அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சிங்கள அக்கா கதை கேட்டார். அந்த நேரம் அவருடைய அம்மாவுக்குக் கடும் சுகவீனம். மதியச் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சொன்னேன். அநுராதபுரத்தில் இளவரசர் அருள்மொழி விகாரைகளைத் திருத்திக் கட்டச் சொன்ன இடம் வந்ததும் சிரித்துவிட்டார். அவர் பள்ளியில் படித்தது வேறு: 993இல் சோழர் படை வந்தது, அநுராதபுரம் சூறையாடப்பட்டது, பொலன்னறுவை தலைநகரானது, 1017இல் பிடிபட்ட ஐந்தாம் மிகிந்து மன்னன் சோழநாட்டிலேயே இறந்தான். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் படித்ததுதானே நடந்தது. சூடாமணி விகாரமே ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டியது. ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்த செப்பேடு பிறகு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்கி கொஞ்சம் முன்கூட்டியே கட்டிவிட்டார்.

ஆனாலும் அந்த அக்கா கதையை விடவில்லை. "சரி, அந்த விகாரத்து ஹாமுதுருமார் (பிக்குகள்) இளவரசரைச் சுகப்படுத்தினார்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்" என்றார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ் வரும்வரை மிச்சத்தையும் சொன்னேன்.

வெள்ளவத்தை வாசகி:

அண்ணா, உங்கள் பதிவை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கல்கி பொய் சொன்னாலும் வடிவாச் சொல்லுவார்" என்றார். இப்போது நாலாம் பாகம் ஓடுகிறது. முந்தாநாள் லிஃப்ட் பழுது. கைபிடியைப் பிடித்து ஆறு படி இறங்கினார். திரும்பி ஏறுவதற்கு இரண்டு அத்தியாயம் கேட்டார்.