அனோசோக்னோசியாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழு அன்பர்களுக்கு வணக்கம். மூளைச் சேதத்தால் தனக்கு வந்த பாதிப்பே நோயாளிக்குத் தெரியாமல் போவதுதான் அனோசோக்னோசியா. நம் கலைச்சொல் பட்டியலுக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இதோ.

> ‘நோய் மறுப்பு’ என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் பழி நோயாளி மேல் விழுகிறதே! உண்மை தெரிந்திருந்தும் இல்லை என்று சாதிப்பதுதான் மறுப்பு. இங்கே நடப்பது வேறு. மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கி, இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. “இடக்கையைத் தூக்குங்கள்” என்கிறார் மருத்துவர். கை படுக்கையிலேயே கிடக்கிறது. “தூக்கிவிட்டேனே” என்கிறார் நோயாளி. இல்லையே என்றால் மூட்டுவலி, களைப்பு என்று ஏதாவது காரணம் வரும். அது தன் கையே இல்லை என்பவர்களும் உண்டு. இத்தனைக்கும் மற்ற விஷயங்களில் பேச்சு தெளிவாகவே இருக்கலாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸுக்கு 1974 டிசம்பர் 31 அன்று பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் செயலிழந்த நிலையிலும் பத்திரிகையாளர்களைத் தன்னோடு மலைநடைக்கு வரச் சொன்னார். அவர் பதவி விலக 1975 நவம்பர் ஆயிற்று. ஆயுள் முழுக்கச் சாட்சியங்களை எடைபோட்டவர், தன் கால் சொன்ன சாட்சியம் மட்டும் அவருக்கு எட்டவில்லை.

அதிர்ச்சியைத் தாங்காத மனம் போட்டுக்கொள்ளும் திரை என்று இதை விளக்குவதுண்டு. அப்படியானால் காதில் தண்ணீர் விட்டால் திரை விலகுமா? விலகியிருக்கிறது. இடக்காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தியதும் சில நோயாளிகள் கொஞ்ச நேரத்துக்குத் தம் செயலிழப்பை ஒப்புக்கொண்டதை இத்தாலிய ஆய்வாளர்கள் 1987இல் பதிவு செய்தார்கள். பின்னர் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் இதைச் செய்து பார்த்தார். நீரின் விளைவு தீர்ந்ததும் அவருடைய நோயாளி பழையபடி கை நன்றாக இருக்கிறது என்றார்; சற்றுமுன் தானே ஒப்புக்கொண்டதையும் இல்லை என்றுவிட்டார். குளிர்நீர் உட்காதின் சமநிலைப் புலனைத் தூண்டி, அதன் வழியே மூளையின் வலப்பாதியைத் தட்டி எழுப்புகிறது. மனப் பிடிவாதத்தை அப்படிக் கரைக்க முடியாது.

> ‘நோயறியாமை’? 1914இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி கிரேக்க வேர்களிலிருந்து அனோசோக்னோசியா என்ற சொல்லைக் கட்டியதும் இப்படித்தானே.

கட்டியது அப்படித்தான். ஆனால் “ஆமாம், எனக்குப் பக்கவாதம் வந்தது” என்று சொல்லிக்கொண்டே கைக்கு ஒன்றுமில்லை என்பவரை என்ன செய்வது? நோய் தெரிகிறது, கை விழுந்தது தெரியவில்லை. இடப்பக்கப் பார்வை போனது தெரிந்து, கை போனது தெரியாதவர்கள் இருக்கிறார்கள், நேர்மாறாகவும் இருக்கிறார்கள். தன்னை அறிவது என்று நாம் ஒன்றாகப் பேசுவது உள்ளே பல துண்டுகளாக இருக்கிறது போலும். வீடு முழுவதற்கும் ஒரே காவலாளி இல்லை, அறைக்கு ஒருவர். சொல்லும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

‘தன்குறையறியாமை’யும் வந்தது. கேட்டவுடன் யாரோ அறவுரை சொல்வதுபோல இருக்கிறது, வேண்டாம்.

என் பரிந்துரை: இழப்பறியாமை.

---

ஐயா, வணக்கம்.

> என் பரிந்துரை: இழப்பறியாமை.

கைக்குப் பொருந்துகிறது. தனக்குப் பார்வை போனதே தெரியாத ஆன்டன் நோய்க்குறித்தொகைக்கும் பொருந்துகிறது. மூளையைத் தாக்கும் ஹண்டிங்டன் நோயில்தான் இடிக்கிறது. அங்கே கைகால்கள் தாமாகத் துள்ளுகின்றன. எதிரில் இருப்பவருக்குத் தெரிவது பலமுறை நோயாளிக்குத் தெரிவதில்லை. அது இழப்பில்லை, மிகை. ‘பாதிப்பறியாமை’ என்றால் இரண்டும் அடங்கிவிடும். மருத்துவமனையில் எல்லோரும் சொல்லும் சொல்லும்கூட. ‘பாதிப்பு’ வடமொழி வழி வந்தது என்று ஒருவர் எழுதுவார், எழுதட்டும்.

---

சரி, பாதிப்பறியாமையே இருக்கட்டும். ‘அறியாமை’ என்றால் படிப்பின்மை என்று தோன்றுமே, ‘உணராமை’ ஆகாதா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். தொடுவுணர்வு போவதற்கு ‘உணர்விழப்பு’ ஏற்கெனவே இருக்கிறது. பக்கவாதத்தில் இரண்டும் சேர்ந்தே வரலாம், குழப்பம் கூடும்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “பாதிப்பறியாமை: மூளைச் சேதத்தால், தனக்கு ஏற்பட்ட குறிப்பிட்ட ஒரு பாதிப்பு இருப்பதே நோயாளிக்குத் தெரியாத நிலை.”

அப்புறம், பாபின்ஸ்கி அதே 1914இல் இன்னொரு பெயரும் தந்தார்: அனோசோடயாஃபோரியா. கை விழுந்தது தெரியும், அதைப் பற்றிக் கவலையே இல்லை. ‘பாதிப்புப் பொருட்டின்மை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நாக்கு கொஞ்சம் இடறுகிறது. இதைவிட நல்லது கிடைத்தால் அனுப்புங்கள்.